1989-இல் தந்த இரண்டு வாக்குகள்

1989 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஏவான் நிறுவனம், தன் அழகுசாதனப் பொருட்களை இனி விலங்குகள்மீது சோதிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பாடி ஷாப், விலங்குச் சோதனைக்கு எதிரான பிரசாரத்தைத் தன் கடைகளிலேயே தொடங்கியது. ஏவான் 1886-இல் பிறந்து, வீடு வீடாகப் பெண்களை அனுப்பி விற்று வளர்ந்த பழைய நிறுவனம். பாடி ஷாப், 1976-இல் பிரைட்டன் நகரில் அனிதா ராடிக் திறந்த ஒற்றைக் கடையிலிருந்து கிளைவிட்டது. முன்னது, செய்துகொண்டிருந்ததை நிறுத்துவதாகச் சொன்னது. பின்னது, அந்தப் பாவத்தில் தனக்குப் பங்கே இல்லை என்றது.

காலம் இரண்டையும் ஒரே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரேசிலின் நேச்சுரா 2017-இல் பாடி ஷாப்பையும், 2020 ஜனவரியில் ஏவானையும் வாங்கியது. பின்னர் பாடி ஷாப் மறுபடியும் கைமாறியது. 2024 பிப்ரவரியில் அதன் பிரிட்டன் நிறுவனம் நொடித்து நிர்வாகியிடம் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏவான் புராடக்ட்ஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த இரண்டு வாக்குகளும் என்ன பாடுபட்டன என்பதை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 'விலங்குகள்மீது சோதிக்கப்படவில்லை' என்ற வரி இன்று பெட்டிக்கடை ஷாம்பூ முதல் விமான நிலையக் கடையின் விலையுயர்ந்த களிம்பு வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த வரியைச் சந்தேகிப்பவர்கள் பெரும்பாலும் பொய்யைத் தேடுகிறார்கள். இந்த இரண்டு நிறுவனங்களின் வரலாறும் வேறொன்றைக் காட்டுகிறது. வாக்கு எந்த எல்லையில் நின்றுவிடுகிறது, அந்த எல்லையை வெளியாள் ஒருவர் போய்ப் பார்க்க முடிகிறதா என்ற இரண்டிலும்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில், நிறுத்தப்பட்டது என்ன என்று சொல்லிவிட வேண்டும். 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நச்சியல் அறிஞர் ஜான் டிரெய்ஸ் தன் சகாக்களோடு ஒரு சோதனை முறையை வெளியிட்டார். வெள்ளை முயலின் கீழிமையை இழுத்து, சோதிக்க வேண்டிய திரவத்தை 0.1 மில்லிலிட்டர் அளவு ஒரு கண்ணில் விடுவார்கள். மற்றொரு கண்ணை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவிடுவார்கள். தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் முயல் அடைபட்டிருக்கும். காலால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரம், 48 மணி நேரம், 72 மணி நேரம் கழித்தும், தேவைப்பட்டால் அதற்குப் பிறகும், கருவிழி எவ்வளவு மங்கியது, இமை எவ்வளவு வீங்கியது, சீழ் எவ்வளவு வடிந்தது என்று மதிப்பெண் போடுவார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும்; விட்ட மருந்து கழுவிப் போகாது. முயலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சோதனை கொடுமைக்காகவே பிறந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. 1933-இல் 'லாஷ் லூர்' என்ற இமைமயிர்ச் சாயம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த பாராஃபெனிலீன்டையமீன் பல பெண்களின் கண்களைப் புண்ணாக்கியது, பார்வை போனது, ஒருவர் இறந்தார். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் அழகுசாதனப் பொருளைத் தடுக்க அரசுக்கு அதிகாரமே இல்லை. 1938-இல் வந்த சட்டம்தான் அந்த அதிகாரத்தைத் தந்தது. மனிதக் கண்ணைக் காக்க வேண்டும் என்ற உண்மையான தேவையிலிருந்துதான் முயலின் கண்ணில் மருந்து விடும் வழக்கம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் விலங்குச் சோதனை செய் என்று எங்கும் கட்டளையிடவில்லை. பொருள் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்றது. எப்படி உறுதிசெய்வது என்பதை நிறுவனத்திடம் விட்டது. நிறுவனங்கள் முயலைத் தேர்ந்தெடுத்தன. வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு மதிப்பெண் பட்டியல் கையில் இருக்குமே.

ஏவானின் வாக்கு இந்தப் பின்னணியில் பிறந்தது. ஆனால் அது மனம் மாறித் தானாகக் கனிந்த முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த ஹென்றி ஸ்பிரா, 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டது அந்த விளம்பரம். அந்த ஆண்டு முடிவதற்குள் ரெவ்லான், மாற்றுச் சோதனை முறைகளுக்கான ஆராய்ச்சிக்கு ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. ஏவானும் அதே அளவு பணம் தந்தது. 1981-இல் அழகுசாதனத் தொழில் சங்கத்தின் நன்கொடையோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்று முறைகளுக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. அதன் பின் எட்டு ஆண்டுகள் கழித்து, பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பின் புறக்கணிப்புப் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஏவானின் அறிவிப்பு வந்தது. ரெவ்லானும் அதே ஆண்டில் நிறுத்தியது. ஸ்பிராவின் வழிமுறையில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவர் நிறுவனங்களைத் திட்டித் தீர்க்கவில்லை. சோதனையைக் கைவிட அவர்களுக்கு ஒரு வழியும், கைவிடாமல் இருந்தால் ஒரு விலையும் உண்டு என்று காட்டினார்.

பாடி ஷாப்பிடம் முயல் கூண்டு இருந்ததில்லை. ஆய்வகம் வைத்து ரசாயனம் உருவாக்கும் நிறுவனம் அல்ல அது. மூலப்பொருட்களை வாங்கி, கலந்து, புட்டியில் அடைத்து விற்றது. அதனால் 'நாங்கள் சோதிப்பதில்லை' என்று சொல்வது அதற்கு எளிதாக இருந்தது. உண்மையாகவும் இருந்தது. ஆனால் மூலப்பொருட்களைச் செய்த ரசாயன நிறுவனங்கள் அதே பொருட்களைச் சலவைத்தூளுக்கும் மருந்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் விற்றன. அவற்றைத் தேவைப்பட்டபோதெல்லாம் விலங்குகள்மீது சோதித்தன. ராடிக் இதை அறியாதவர் அல்லர். அதற்காக ஒரு விதி வைத்தார்: கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அழகுசாதனத் தேவைக்காக விலங்குகள்மீது சோதிக்கப்பட்ட மூலப்பொருளை வாங்குவதில்லை. சப்ளையர்களிடம் இதை எழுதி வாங்கினார்கள்.

இந்த ஐந்தாண்டு விதியில் சற்று நின்று பார்க்க வேண்டும். பாடி ஷாப்பைச் சந்தேகித்தவர்களும் நம்பியவர்களும் மோதிக்கொண்ட இடம் இதுதான். 1988-இல் முயலின் கண்ணில் விடப்பட்ட ஒரு மூலப்பொருளை 1990-இல் பாடி ஷாப் வாங்காது. 1994-இல் அதே பொருளை வாங்கும். அதற்குள் முயலுக்கு நடந்தது மாறிவிடவில்லை. நாட்காட்டி மட்டும் நகர்ந்திருக்கிறது. வேறு பல வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு சப்ளையர், இன்று சோதித்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் போதும். விலங்குச் சோதனையை முற்றாக ஒழிக்கக் கேட்ட பிரிட்டன் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. நகராத ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு சோதிக்கப்பட்ட எதையும் என்றைக்குமே வாங்கக் கூடாது என்றன. 1994-இல் பத்திரிகையாளர் ஜான் என்டைன், 'பிசினஸ் எதிக்ஸ்' இதழில் பாடி ஷாப்பின் நற்பெயரையே கேள்விக்குள்ளாக்கும் நீண்ட கட்டுரை எழுதினார். அந்த விவாதத்தில் விலங்குச் சோதனை குறித்த கோரல்களும் இழுபட்டன.

அந்த விதிக்கு ஒரு நியாயம் இருந்தது என்றும் சொல்வேன். உலகில் ஏறக்குறைய எல்லா மூலப்பொருளும் என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு விலங்கின்மீது சோதிக்கப்பட்டதுதான். முழுத் தூய்மை கேட்டால் விற்க எதுவும் மிஞ்சாது. அப்படியிருக்க, புதிய சோதனையைச் செய்தால் ஒரு வாடிக்கையாளரை இழப்பாய் என்று சப்ளையரிடம் சொல்வது ஒரு நெருக்குதல். குறை எங்கே என்றால், கடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் காதில் விழுந்தது 'சோதிக்கவில்லை' என்பது மட்டும். 1990-களின் பிற்பகுதியில் நகராத தேதியையும் வெளித்தணிக்கையையும் கேட்கும் மனிதநேய அழகுசாதனத் தரநிலை உருவானபோது, பாடி ஷாப் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. விமர்சனம் பலித்தது. இந்த ஒப்பீட்டில் எனக்கு நம்பிக்கை தரும் இடங்களில் இது ஒன்று.

ஆக, 1989-இன் வாக்குகள் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தாலும் அவை மூடிய பரப்பு வேறு. ஏவானின் வாக்கு அதன் சொந்தக் கையைக் கட்டியது. அது ஆய்வகம் வைத்திருந்த நிறுவனம். அங்கே முயல் வரவு நின்றது என்றால் கண்ணால் காணக்கூடிய மாற்றம். பாடி ஷாப்பின் வாக்கு அது வாங்கும் பொருளையும் எட்டிப்பிடிக்க முயன்றது. எட்டியது எவ்வளவு என்பது சப்ளையரின் கடிதத்தைப் பொறுத்தது. முதல் வாக்கு குறுகியது, சரிபார்க்க எளியது. இரண்டாவது அகன்றது, சரிபார்க்கக் கடினம். எது மேல் என்று அன்று கேட்டிருந்தால் பலரும் பாடி ஷாப்பைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அதே 1989 நவம்பரில், இந்த இரண்டு நிறுவனங்களோடும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றிய ஒன்று பெய்ஜிங்கில் நடந்தது. சீன அரசு அழகுசாதனப் பொருட்களின் சுகாதாரக் கண்காணிப்புக்கான ஒழுங்குமுறையை வெளியிட்டது. 1990 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனைகளில் விலங்குச் சோதனைகளும் இடம்பெற்றன. அந்த 1990-ஆம் ஆண்டிலேயே ஏவான் குவாங்சோ வழியாகச் சீனாவுக்குள் நுழைந்தது.

சீனாவின் நடைமுறை இப்படி இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு முகப்பூச்சு உள்ளே வர வேண்டும் என்றால், அரசு அங்கீகரித்த ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும். சோதனையை ஆய்வகம் செய்யும். கட்டணத்தை நிறுவனம் கட்டும். முயலைப் பிடித்த கை நிறுவனத்தின் கை அல்ல. ஆனால் பொருள் நிறுவனத்தினுடையது, பணமும் நிறுவனத்தினுடையது. அதற்குப் பிறகும் கடைத்தட்டிலிருந்து பொருளை எடுத்துச் சோதிக்கும் உரிமை அதிகாரிகளுக்கு இருந்தது.

ஏவான் பல ஆண்டுகள் பீட்டாவின் 'சோதிக்காதவர்கள்' பட்டியலில் இருந்தது. 2012 தொடக்கத்தில் பீட்டா அதையும், மேரி கே, எஸ்டே லாடர் நிறுவனங்களையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காரணம், சீனச் சந்தைக்காக அவற்றின் பொருட்கள் விலங்குகள்மீது சோதிக்கப்பட்டன என்பது. அந்த ஆண்டே கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள்: சோதிப்பதில்லை என்று சொல்லி எங்களிடம் விற்றீர்கள், சீனாவில் சோதனை நடந்துகொண்டிருந்தது என்று. ஏவான் தன் அறிக்கையில், சில நாடுகளின் சட்டம் கேட்டால் சில பொருட்கள் கூடுதல் சோதனைக்கு உட்படலாம் என்ற விதிவிலக்கைச் சேர்த்தே பேசியது. 'சட்டம் கேட்டால் ஒழிய' என்ற இந்த வால் இன்று பல நிறுவனங்களின் கொள்கைக் குறிப்பில் தொங்குகிறது.

இந்த வாலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சட்டம் யாரையும் சீனாவில் விற்கக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் சொன்னது, இங்கே விற்க வேண்டுமானால் இப்படிச் செய் என்பது. விற்பது என்ற முடிவு நிறுவனத்தின் தலைமையகத்தில் எடுக்கப்பட்டது. ஆகவே முயலுக்கு நேர்ந்ததும் அந்த முடிவின் பகுதிதான். இதைச் சொல்லும்போது எனக்கு எடுத்துக்காட்டாக எதிரே நிற்பது பாடி ஷாப். உலகின் பெரும் சந்தைகளில் ஒன்று திறந்து கிடந்தபோதும், சோதனைக் கட்டாயத்தைக் காரணம் காட்டிச் சீனப் பெருநிலத்தில் கடை திறக்காமல் அது விலகி நின்றது. வணிக நிறுவனம் ஒன்று ஒரு சொல்லைக் காப்பதற்காக இவ்வளவு பெரிய வருமானத்தை விட்டுக்கொடுப்பது அபூர்வம். 2012-இல் அர்பன் டிகே என்ற அமெரிக்க நிறுவனம் சீனா செல்வதாக அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் சில வாரங்களில் முடிவைத் திரும்பப் பெற்றது. வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதற்கு அது இன்னொரு சான்று.

ஆனால் பாடி ஷாப்பின் வேலியிலும் ஓட்டை இருந்தது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, சீன விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளில் பாடி ஷாப் பொருட்கள் விற்கப்படுவதைக் கண்டுபிடித்துச் சொன்னது. அங்கே இருக்கும் பொருளையும் அதிகாரிகள் எடுத்துச் சோதிக்க வாய்ப்பு உண்டு என்பது குற்றச்சாட்டு. பாடி ஷாப் பொருட்களை அங்கிருந்து விலக்கிக்கொண்டது. அந்தக் கடைகளிலிருந்து எடுத்து ஏதேனும் சோதிக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. என்றாலும் ஒரு வெளியாள் போய்ப் பார்த்த பிறகுதானே விலக்கினார்கள்? முத்திரையும் கொள்கையும் பிரசாரமும் ஏற்கெனவே இருந்தன. ஓட்டையைக் கண்டது அவற்றில் எதுவும் அல்ல, போய்ப் பார்த்த ஒரு நுகர்வோர் அமைப்பு.

இன்னொரு இடத்திலும் பாடி ஷாப்பின் வாக்கு ஆட்டம் கண்டது: அதன் உரிமையாளர். 2006 மார்ச்சில் பிரான்ஸின் லோரியால் 65 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கச் சம்மதித்தது. லோரியாலும் 1989-இல் ஒரு வாக்குத் தந்த நிறுவனம்தான். முழுமையாகச் செய்து முடித்த பொருளை விலங்குகள்மீது சோதிப்பதை அந்த ஆண்டு நிறுத்தியதாக அது சொல்கிறது. மூலப்பொருள் சோதனை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஐரோப்பியத் தடை முழுமையடைந்த 2013 வரை. 'முடிந்த பொருள்' என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ரசாயனத்தையும் சோதித்துவிட்டுப் புட்டியை மட்டும் சோதிக்கவில்லை என்று சொல்ல முடியும். ஆகவே பாடி ஷாப்பில் ஒரு பெண் கொடுத்த பணத்தின் லாபம், மூலப்பொருளைச் சோதிக்கும் ஒரு குழுமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேச்சர்வாட்ச் என்ற பிரிட்டன் அமைப்பு புறக்கணிக்கச் சொன்னது. உள்ளே இருந்தே லோரியாலை மாற்றலாம் என்று ராடிக் நம்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.

இங்கே லோரியாலைப் பற்றி இன்னொரு உண்மையையும் சொல்லாமல் விட்டால் நான் பக்கம் சாய்ந்தவன் ஆவேன். பிரான்ஸின் லியோன் நகரத்தில் உள்ள எபிஸ்கின் நிறுவனம் 1997-இல் லோரியால் கைக்கு வந்தது. அறுவைச் சிகிச்சையில் மிஞ்சும் மனிதத் தோலின் செல்களைக் கொண்டு அங்கே தோல் வளர்க்கிறார்கள். முயலின் முதுகை மழித்துப் பூசிப் பார்த்த எரிச்சல் சோதனைக்கு மாற்றாக அந்தத் தோல் 2007-இல் ஐரோப்பாவில் ஏற்கப்பட்டது. 2010-இல் இந்த முறை, பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி-யின் பன்னாட்டு வழிகாட்டியிலும் இடம்பெற்றது. ஏவானும் ரெவ்லானும் தந்த பணம் எண்பதுகளில் இதே திசையில் போனது என்று மேலே சொன்னேன். விலங்குகள்மீது சோதித்த நிறுவனங்களின் பணமும் ஆய்வகமும்தான் சோதனையைத் தேவையற்றதாக்கும் கருவிகளில் பலவற்றை உண்டாக்கின. பாடி ஷாப் மக்களைத் திரட்டியது. 2018-இல் 83 லட்சம் கையெழுத்துகளை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுபோனது. இரண்டு பங்களிப்பும் வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்தையும் புனிதராக வைத்து வணங்க என்னால் முடியவில்லை.

முயல் முத்திரைகளுக்கு வருவோம். கடையில் கண்ணில் படும் முத்திரைகளில் பரவலாகத் தெரிந்தவை இரண்டு. பீட்டாவின் முத்திரை கிடைக்க நிறுவனம் கேள்வித்தாளை நிரப்பி, தானும் தன் சப்ளையர்களும் சோதிப்பதில்லை, இனியும் சோதிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். 1996-இல் விலங்கு நல அமைப்புகள் கூடி அமெரிக்காவில் தொடங்கிய லீப்பிங் பன்னி முத்திரைக்கு, நகராத ஒரு தேதி, ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் சப்ளையரைக் கண்காணிக்கும் ஏற்பாடு, வெளியார் வந்து கணக்கைப் பார்க்கச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரரிடமே எழுதி வாங்குவது ஒன்று. லாக்டோமீட்டரை விட்டுப் பார்ப்பது வேறொன்று. பாடி ஷாப் இரண்டாவது வகைக்குள் வந்தது. ஏவான் பல ஆண்டுகள் முதல் வகைப் பட்டியலில் இருந்துவிட்டு 2012-இல் வெளியேறியது. ஏவான் இரண்டாவது வகைக்குள் இருந்திருந்தால் சீனச் சோதனை இவ்வளவு தாமதமாக வெளிச்சத்துக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் இரண்டாவது முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு: அது பிராண்டுக்குத் தரப்படுவது. தாய் நிறுவனம் என்ன செய்கிறது என்பது அதன் கேள்வி அல்ல. லோரியால் கையில் இருந்தபோதும் பாடி ஷாப்பில் முயல் சின்னம் தொடர்ந்தது அதனால்தான்.

முத்திரை எதுவும் இல்லாமல் வெறும் வரியாக அச்சிடப்படும் கோரல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொடுமையற்றது, சோதிக்கப்படாதது போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது. யாரும் அச்சிடலாம்.

சட்டம் வந்துவிட்டால் வாக்கே தேவையில்லை அல்லவா என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் முடிந்த பொருளின் சோதனையைத் தடுத்தது, 2009-இல் மூலப்பொருள் சோதனையைத் தடுத்தது, 2013 மார்ச் 11 முதல் அழகுசாதனத்துக்காக எங்கே சோதிக்கப்பட்டிருந்தாலும் விற்கத் தடை என்றது. 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதை இறுக்கியது: சீனா போன்ற நாடுகளின் சட்டத்துக்காக வெளியே செய்த விலங்குச் சோதனையின் முடிவுகளைக் காட்டி ஐரோப்பாவில் பாதுகாப்பை நிரூபிக்க முடியாது. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அதே ஒன்றியத்தில் ரீச் என்ற ரசாயனச் சட்டமும் உண்டு. ஜெர்மனியின் சிம்ரைஸ் நிறுவனம் செய்யும் இரண்டு வெயில்தடுப்பு ரசாயனங்கள் அழகுசாதனத்தில் மட்டுமே பயன்படுபவை. ஒன்றின் பெயர் ஹோமோசலேட். ஆலையில் இந்த இரண்டையும் கையாளும் தொழிலாளர் பாதுகாப்புக்காக இவற்றை விலங்குகள்மீது சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ரசாயன முகமை கேட்டது. நிறுவனமே வேண்டாம் என்று நீதிமன்றம் போனது. 2023 நவம்பர் 22 அன்று நிறுவனம் தோற்றது. ஒரு சட்டம் தடுப்பதை இன்னொரு சட்டம் கட்டாயமாக்குகிறது. வெயில்தடுப்புக் களிம்பை விற்பவர் தன் அளவில் சோதிக்காமலே இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் பொருளுக்காகக் கருவுற்ற எலிகள் சோதனைக்கு ஆளாகியிருக்கும். பிரிட்டனிலும் 1998-இலிருந்து அழகுசாதனச் சோதனைக்கு உரிமம் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, 2019-இலிருந்து மூலப்பொருள் சோதனைகளுக்கு அரசு உரிமம் கொடுத்துவந்தது 2023-இல் ஒரு வழக்கில்தான் வெளியே வந்தது. அந்த ஆண்டே புதிய உரிமங்களை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. இங்கேயும் கதவைத் திறந்தது வெளியார் போட்ட வழக்கு.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். 2014 மே மாதம் இந்தியா அழகுசாதனத்துக்கான விலங்குச் சோதனையைத் தடைசெய்தது. அந்த ஆண்டு நவம்பர் 12 முதல், அதன் பின் விலங்குகள்மீது சோதிக்கப்பட்ட அழகுசாதனத்தை இறக்குமதி செய்யவும் தடை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அழகுசாதனம் என்பதற்குள் அதன் கூறாகச் சேரும் பொருளையும் உள்ளடக்குகிறது. ஆகவே காகிதத்தில் நம் சட்டம் மூலப்பொருள் வரை எட்டுகிறது. முடிந்த பொருள் என்று சொல்லி நழுவ இடமில்லை. நகராத தேதியும் இருக்கிறது. பிரிட்டனில் பல ஆண்டுகள் சண்டையிட்டுப் பெற்றதை நம் அரசிதழ் ஒரே அறிவிப்பில் தந்துவிட்டது. இதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் இந்தியாவில் செய்த ஷாம்பூ ஒன்று 'விலங்குகள்மீது சோதிக்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது சட்டத்தை மீறவில்லை என்பதைத்தான் சொல்கிறது; அதை நிறுவனத்தின் தனிக் கருணையாகக் கொண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கீட்டோகோனசோல் சேர்ந்த பொடுகு ஷாம்பூ போன்றவை சட்டப்படி மருந்து. அவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏவான் தன் 1989 வாக்கை முழுமையாக்கியது 2019-இல். சீனா உட்பட எங்கும் தன் பொருட்களுக்கு விலங்குச் சோதனை இல்லை என்று அந்த ஆண்டு அறிவித்தது. 2014-இலேயே சீனா, உள்நாட்டில் செய்யும் சாதாரண வகைகளுக்குக் கட்டாயத்தைத் தளர்த்தியிருந்தது. அந்த வழி இருந்ததால் அது முடிந்தது. 2021 மே 1 முதல் இறக்குமதியாகும் சாதாரண வகைகளுக்கும், தாய்நாட்டு அரசின் உற்பத்திச் சான்றிதழும் பாதுகாப்பு மதிப்பீடும் இருந்தால் விலக்கு உண்டு. முடிச்சாயம், வெயில்தடுப்பு, நிறம் வெளுக்கும் களிம்பு, குழந்தைகளுக்கானவை ஆகியவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே 'சீனாவில் விற்கிறது' என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தைத் தள்ளிவைப்பது இன்று சரியாகாது. என்ன பொருளை, எங்கே செய்து, எந்த வழியில் விற்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்த இருவரில் யாருடைய வாக்கை அதிகம் மதிக்கிறாய் என்று என்னைக் கேட்டால், பாடி ஷாப்பினுடையதை என்பேன். அது குற்றமற்றதாக இருந்ததால் அல்ல. ஐந்தாண்டு விதியை விமர்சித்தபோது விதியை மாற்றியது, விமான நிலையக் கடையைச் சுட்டியபோது பொருளை எடுத்தது, தணிக்கைக்குக் கணக்கைத் திறந்தது. ஏவானின் வாக்கில் வெளியார் நுழைந்து பார்க்க அப்படி ஒரு கதவு நெடுங்காலம் இல்லை. கலிஃபோர்னிய வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

நம்மிடம் அந்தக் கதவு பாதி திறந்திருக்கிறது. வெளிநாட்டு அழகுசாதனத்தை இங்கே பதிவுசெய்யும்போது, 12.11.2014 முதல் அது விலங்குகள்மீது சோதிக்கப்படவில்லை என்ற உறுதிமொழியை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எழுதி வாங்குகிறது. ஒவ்வொரு பிராண்டுக்கும் அப்படி ஒரு காகிதம் கோப்பில் இருக்கிறது. சீனாவில் முடிச்சாயமும் வெளுக்கும் களிம்பும் விற்கும் நிறுவனங்களின் காகிதங்களும் அந்தக் கோப்புகளில்தான் இருக்க வேண்டும். அவற்றைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும், அவற்றில் சிலவற்றையாவது ஆண்டுதோறும் எடுத்து மூலப்பொருள் வரை போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.